அப்பாவோட வண்டி நம்பர் திரும்பத் திரும்ப கண்ணுல படுது, இதை எப்படிங்க எடுத்துக்கறது?

காங்கேயத்துக்காரி:

வணக்கமுங்க. ரொம்ப நாளா இங்க படிக்கிறதோட சரி, எழுதறது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்குங்க.

எங்கப்பா போன ஐப்பசியில தவறிட்டாருங்க. கொப்பரைக் களத்துல கணக்குப்பிள்ளையா முப்பது வருசத்துக்கு மேல இருந்தவரு. சட்டையை எத்தனை தடவை தொவைச்சாலும் காயற தேங்காயோட வாசம் போகாது. அவருன்னாலே ஊருல எல்லாருக்கும் ஞாபகம் வர்றது அந்த டிவிஎஸ் 50 வண்டிதான். நம்பர் 3862. களத்துல வேலை செய்யற பொம்பளைங்க அவரு பேரைச் சொல்ல மாட்டாங்க, "முப்பத்தெட்டு அறுவத்திரெண்டு வருது, எந்திரிங்கடி"ம்பாங்க. காலையில வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடி தோள்துண்டு முனையால நம்பர் பிளேட்டை மட்டும் ஒரு துடை துடைப்பாரு. வண்டி பூரா புழுதியா இருக்கும், பிளேட்டு மட்டும் பளிச்சுன்னு இருக்கும். ஏன்னு கேட்டா "ஆளு யாருன்னு தெரிய வேண்டாமா"ம்பாரு.

தை மாசம் அந்த வண்டிய எங்க தெருவுக்குப் பால் ஊத்தறவருக்கு ஒன்பதாயிரத்துக்குக் குடுத்துட்டோம். சும்மா நின்னா டயர் வெடிச்சுப் போகும்னு எங்க வீட்டுக்காரருதான் முடிச்சு விட்டாரு.

இப்ப பிரச்சினை வீடுங்க. அப்பா இருந்த ஓட்டு வீடு எனக்கும் தம்பிக்கும் பொது. தம்பி கோயமுத்தூர்ல இருக்கான். "பூட்டியே கெடந்தா கரையான்தான் திங்கும், வித்துரலாங்க்கா"ங்கறான். பார்ட்டியும் ஒருத்தர் வந்துட்டாரு. நான் சரின்னும் சொல்லலை, வேண்டாம்னும் சொல்லலை. இந்த நேரத்துலதான் இது ஆரம்பிச்சது.

மாசி மாசம் இதைப் பேசறதுக்குன்னே தம்பி வீட்டுக்குப் போனேன். சிங்காநல்லூர்ல பஸ் எறங்கி டாக்சி போட்டேன். டிரைவர் தம்பி "ஓடிபி சொல்லுங்கக்கா"ன்னாரு. போனைப் பாத்தா 3862. வாயே வரலைங்க. அவரு ரெண்டு தடவை கேட்டுட்டு கண்ணாடி வழியா என்னைப் பாத்தாரு. கை ரோமமெல்லாம் நட்டுக்கிச்சு.

அடுத்த பத்து நாளைக்குள்ள கேஸ் சிலிண்டர் வந்துச்சு. டெலிவரி கோடும் 3862. அப்புறம் வீடு கேட்டு வந்தவரோட போன் நம்பரைப் பதிஞ்சு வைக்கிறேன், கடைசி நாலு நம்பர் 3826. ரெண்டு எண் எடம் மாறித்தான் இருக்கு, ஆனாலும் அடிவயிறு கலங்கிப் போச்சு.

எங்க வீட்டுக்காரரு "காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்துச்சாம்"னு சொல்லிட்டு டிவி சத்தத்தைக் கூட்டிக்கிட்டாரு. மாமியார் "சிவன்மலையான் உத்தரவு குடுக்கற மாதிரி உங்கப்பன் உத்தரவு குடுத்திருக்கான், விக்காதே"ங்கறாங்க. காலேஜ் படிக்கிற மக "இதுக்கு சின்க்ரானிசிட்டின்னு பேரும்மா"ன்னு ஒரு ரீல் அனுப்பினா. அதுல கடிகாரத்துல 11:11 பாத்தா நல்லது நடக்கும்னு ஒரு புள்ள சொல்லுது. மூணு பேர் சொல்றதும் எனக்கு ஒட்டலை.

சும்மா நடக்கறது எது, நமக்குன்னு நடக்கறது எது? உங்களுக்கு இப்படி ஏதாச்சும் நடந்திருக்குதுங்களா? எப்படிப் பிரிச்சுப் பாத்தீங்க? கிண்டல் மட்டும் வேண்டாமுங்க.

ரசம்சாதம்:

கேரளா லாட்டரியில 3862 வந்திருக்கான்னு பாத்தீங்களா?

ஓய்வு வாத்தியார், ஈரோடு:

மேலே உள்ள தம்பி, அந்த அம்மா கடைசி வரியில் என்ன எழுதியிருக்கிறார் என்று படித்துவிட்டு வரவும்.

அம்மா, நான் முப்பத்தொரு வருடம் கணக்கு நடத்தியவன். நிகழ்தகவுப் பாடம் வரும்போது வருடா வருடம் ஒரு வேலை செய்வேன். வகுப்பில் 40 பேர். "உங்களில் ரெண்டு பேருக்கு ஒரே நாளில் பிறந்தநாள் இருக்கும், பந்தயம் கட்டுகிறீர்களா?" என்பேன். 365 நாள் இருக்கிறது, 40 பேர்தானே, எப்படி சார் வரும் என்று எல்லாரும் கட்டுவார்கள். பத்து வகுப்பில் ஏறக்குறைய ஒன்பதில் ஜெயித்துவிடலாம். 23 பேர் இருந்தாலே பாதிக்குப் பாதி. பையன்கள் தடுக்கி விழும் இடம் எதுவென்றால், "என் பிறந்தநாளில் இன்னொருவன்" என்று யோசிக்கிறார்கள். நான் கேட்டது யாராவது ரெண்டு பேர். 40 பேரில் 780 ஜோடி இருக்கிறது.

உங்கள் விஷயத்திலும் இதே தடுக்கல்தான். ஒரு நாலு இலக்க எண் 3862 ஆக இருக்கப் பத்தாயிரத்தில் ஒரு வாய்ப்பு. சரி, ஒரு நாளைக்கு எத்தனை நாலு இலக்க எண் உங்கள் கண்ணில் படுகிறது? ரோட்டில் போகும் ஒவ்வொரு வண்டியின் முதுகிலும் ஒன்று இருக்கிறது. கவனித்துப் பார்ப்பது 50 என்றே வையுங்கள். ஐந்து மாதத்தில் 7,500. அதற்குள் 3862 ஒரு தடவையாவது எதிர்ப்பட 53 சதவீதம். இதோடு அப்பா பிறந்த வருடம், தவறிய தேதியும் மாதமும், அவர் போனின் கடைசி நாலு எண், இதற்கு முன் வைத்திருந்த வண்டி என்று இன்னும் நாலு எண் உங்கள் மனதில் இருக்கும். எது வந்திருந்தாலும் இதே மாதிரி திடுக்கிட்டிருப்பீர்கள். ஐந்தையும் சேர்த்தால் 97 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது.

3826 என்று சொன்னீர்கள் பாருங்கள், அங்கேதான் என் சிவப்பு மைப் பேனா வெளியே வருகிறது. இடம் மாறினாலும் சேர்த்துக்கொள்வோம் என்றால் 3, 8, 6, 2 நான்கையும் 24 விதமாக அடுக்கலாம். பத்தாயிரத்தில் ஒன்று, ஒரே அடியில் 417-ல் ஒன்றாகிவிட்டது. அந்தப் பெயில் பேப்பருக்கு மார்க் போடக்கூடாது.

டாக்சி மட்டும் வேறு ரகம், ஒப்புக்கொள்கிறேன். அது ரோட்டில் பார்த்த எண் இல்லை, உங்களுக்கென்று வந்த எண். வருடத்துக்கு இருபது தடவை டாக்சி பிடிப்பவர் என்றால், 500 பேரில் ஒருவருக்கு ஒரு வருடத்தில் இது நடக்கும். அப்பாவையோ அம்மாவையோ பறிகொடுத்து அவர்களுடைய ஏதோ ஒரு எண்ணை மனதில் வைத்திருக்கும் 500 பேர் காங்கேயத்தில் மட்டுமே தேறுவார்கள். நடக்காத 499 பேர் "இன்றைக்கு ஓடிபி 5107 வந்தது, அது யாருடைய நம்பரும் இல்லை" என்று இங்கே வந்து எழுதப்போவதில்லை.

ராமானுஜனைப் பற்றிப் படித்தவர்களுக்கு ஹார்டியோடு சேர்ந்து லிட்டில்வுட் என்ற பெயர் தெரிந்திருக்கும். அவர் பெயரில் ஒரு கணக்கு சொல்வார்கள். நாம் நன்றாக விழித்திருப்பது நாளைக்கு 8 மணி நேரம், நொடிக்கு ஒன்று எதையாவது பார்க்கிறோம், கேட்கிறோம் என்று வைத்தால் 35 நாளில் பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். அப்படியென்றால் "பத்து லட்சத்தில் ஒன்று" என்று நாம் வாய் பிளக்கும் அதிசயம், பால் கார்டு மாதிரி மாதா மாதம் வர வேண்டியது.

மூன்று விஷயம் மட்டும் எனக்காகச் செய்யுங்கள். சிலிண்டர் எஸ்எம்எஸ் இன்னும் போனில் இருக்கும், எடுத்துப் பாருங்கள். அந்த டிவிஎஸ் இப்போது எங்கே நிற்கிறது, யார் கண்ணில் படுகிறது என்று யோசியுங்கள். மூன்றாவதுதான் முக்கியம்: என்ன நடந்திருந்தால் "அப்பா விற்கச் சொல்கிறார்" என்று எடுத்துக்கொண்டிருப்பீர்கள்?

மலையடிவாரம்:

அக்கா, நானும் நம்ம பக்கந்தான். உங்க மாமியார் சொன்னது புரியாத வெளியூர்க்காரங்களுக்காக: சிவன்மலை முருகன் கோயில்ல ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்குதுங்க, ஆண்டவன் உத்தரவுப் பெட்டின்னு பேரு. யாரோ ஒரு பக்தரோட கனவுல முருகன் ஒரு பொருளைச் சொல்வாரு. அவரு வந்து சொன்னா பூப் போட்டுக் கேப்பாங்க. உத்தரவு ஆச்சுன்னா அந்தப் பொருள் பெட்டிக்குள்ள போகும். அடுத்த ஆளுக்குக் கனவு வர்ற வரைக்கும் அதேதான் இருக்கும், பத்து நாளோ பல மாசமோ. தண்ணி வச்சாங்க, சுனாமி வந்துச்சுன்னு இங்க சின்னப்புள்ளையக் கேட்டாலும் சொல்லும்.

நான் சஷ்டி தவறாம மலை ஏர்றவனுங்க. ஆனா ஒண்ணு கவனிச்சிருக்கறேன். புதுப் பொருள் வச்ச அன்னிக்குப் படியிறங்கும்போது காது குடுத்தா, ஒருத்தர் விலை ஏறும்பாரு, இன்னொருத்தர் எறங்கும்பாரு, மூணாவது ஆளு பஞ்சம் வரும்பாரு. ஆறு மாசம் கழிச்சு எது நடந்துச்சோ அதைச் சொன்ன ஆளு மட்டும் "நான் அன்னிக்கே சொன்னனே"ன்னு நிப்பாரு. மத்த ரெண்டு பேரு வாயே தொறக்க மாட்டாங்க. முருகன் பொருளைத்தான் சொல்றாரு, அர்த்தம் சொல்றது நம்ம ஆளுங்கதான்.

பாளையங்கோட்டை பல்லி:

என் பேருக்குக் காரணம் இருக்கு, சொல்லுதேன்.

எனக்குப் பொண்ணு பாத்துக்கிட்டிருந்த நேரம். நல்ல இடம், சாதகம் பொருந்தி, எனக்கும் பிடிச்சிருந்தது. ராத்திரி எல்லாரும் உக்காந்து பேசுதோம். எங்க அத்தை "எனக்கென்னமோ இந்த இடம் சரிப்படாதுன்னு தோணுது"ன்னு சொல்லி வாயை மூடல, டியூப்லைட்டுக்குப் பின்னாலருந்து பல்லி "ச்சு ச்சு ச்சு". அத்தை தரையில மூணு தடவை விரலால தட்டிட்டு "பாத்தியா, பல்லியே சொல்லிட்டு"ன்னா. அம்புட்டுதான். இடம் கைவிட்டுப் போச்சு.

எனக்கு வந்த ஆத்திரத்துல ஒரு நோட்டு வாங்கினேன். பத்து நாள், ராத்திரி ஏழுலருந்து ஒன்பது வரைக்கும் அந்த ஹால்லயே உக்காந்து பல்லி சத்தம் போடப் போட ஒரு கோடு போட்டேன். எங்கம்மா பையனுக்கு மண்டை குழம்பிட்டுன்னே நெனைச்சா. பத்து நாளைக்கு அறுபத்தொரு கோடு. ஆக ஒரு ராத்திரிக்கு ஆறு, இருபது நிமிசத்துக்கு ஒண்ணு. லைட்டுக்கு வர்ற பூச்சிக்காக ரெண்டு மூணு பல்லி அங்கயே குடியிருக்கு, ஒண்ணு எல்லை தாண்டினா இன்னொண்ணு கத்தும். கல்யாணப் பேச்சு எம்புட்டு நேரம் நடந்துச்சு? ரெண்டு மணி நேரம். ஆறு தடவை கத்தியிருக்கும். மாமா "பொண்ணு நல்லா சமைக்குமாம்"னு சொன்னப்பவும் கத்தியிருக்கும், சித்தி காப்பிக்குச் சீனி கேட்டப்பவும் கத்தியிருக்கும். அதெல்லாம் யார் காதுலயும் விழல. அத்தை சொன்னதுக்கு அப்புறம் கத்துனது மட்டும் விழுந்துட்டு.

அந்தப் பத்து நாள்ல என்னை ரொம்ப யோசிக்க வச்சது இது: நான் ஒத்தையில உக்காந்திருக்கப்பவும் அது கத்திக்கிட்டேதான் இருந்தது. யாருமே ஒண்ணும் பேசல. அப்ப அது யாருக்கு என்ன உண்மையைச் சொல்லுது?

உங்க மக அனுப்பின 11:11 ரீலுக்கும் ஒரு சங்கதி. 2011 நவம்பர் 11, கேப்டவுன் நியூலாண்ட்ஸ்ல தென்னாப்பிரிக்கா ஆஸ்திரேலியா டெஸ்ட். காலையில 11 மணி 11 நிமிசத்துக்குத் தென்னாப்பிரிக்கா ஜெயிக்க வேண்டியது சரியா 111 ரன். 111ன்னா ஆகாத நம்பர், ஒத்தைக் கால்ல நின்னாத் தப்பிக்கலாம்னு கிரிக்கெட்ல ஒரு நம்பிக்கை. அம்பயர் இயன் கூல்ட் ஒத்தைக் கால்ல நின்னாரு, மைதானத்துல கூட்டமும் சேந்து நின்னுச்சு. இதை விடப் பொருத்தம் எங்கயாவது கிடைக்குமா? அதுக்கு என்ன அர்த்தம்? ஒண்ணுமில்ல. எல்லாரும் சிரிச்சாங்க, ஆட்டம் தொடர்ந்துச்சு. அப்படியும் ஒரு பொருத்தம் இருக்கலாம்லா.

(அந்தப் பொண்ணு இப்ப தூத்துக்குடியில நல்லா இருக்கு. எனக்கும் வேற இடத்துல முடிஞ்சு ரெண்டு பிள்ளைங்க. அத்தை இப்பவும் தரையைத் தட்டிக்கிட்டுதான் இருக்கா.)

கரந்தை வாசகன்:

மகள் சொன்ன சின்க்ரானிசிட்டி என்ற வார்த்தைக்கு ஒரு விளக்கம். அதைக் கொண்டுவந்தவர் சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் யுங். 1952-ல் அதைப் பற்றி விரிவாக எழுதி வெளியிட்டபோது, அதே நூலில் இன்னொரு கட்டுரை எழுதியவர் இயற்பியலுக்கு நோபல் வாங்கிய வொல்ஃப்காங் பாலி. ஆகவே ரீல் போடுகிறவர்கள் நினைப்பது மாதிரி சில்லறை விஷயமில்லை.

யுங் சொல்லும் கதை இது. நிறையப் படித்த ஒரு பெண், எதையும் அறிவால் அளந்து பார்ப்பவர், சிகிச்சையில் ஒரு அடி நகரவில்லை. ஒரு நாள், தங்க வண்டு ஒன்றைத் தனக்கு யாரோ தந்ததாகக் கண்ட கனவைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஜன்னலில் டொக் டொக் என்று சத்தம். யுங் திறந்தால் மினுக்கிக்கொண்டு ஒரு வண்டு உள்ளே பறந்து வருகிறது. பிடித்து, "இந்தாருங்கள் உங்கள் வண்டு" என்று கையில் கொடுத்தார். அந்தப் பெண்ணின் இறுக்கம் அங்கே உடைந்தது. ஒன்றுக்கொன்று காரணமாக இல்லாத இரண்டு, ஒன்று மனதுக்குள்ளும் ஒன்று வெளியிலும், ஒரே அர்த்தத்தில் சந்திப்பதைத்தான் அவர் அப்படி அழைத்தார். கவனியுங்கள், வண்டு அந்தப் பெண்ணிடம் எதையும் விற்கவோ வாங்கவோ சொல்லவில்லை.

யுங்கின் இன்னொரு முயற்சியை ரீல்காரர்கள் சொல்லமாட்டார்கள். நம்மூர் ஜாதகப் பொருத்தம் மாதிரி, கல்யாணமானவர்களின் ஜாதகங்களை எடுத்துக் கணக்குப் பார்த்தார். முதல் தொகுதி 180 ஜோடி, அதில் சூரிய சந்திரச் சேர்க்கை அசத்தலாக வந்தது. மேலும் மேலும் ஜாதகம் சேர்த்து 483 ஜோடி ஆனபோது அந்த அசத்தல் கரைந்துவிட்டது. அதையும் மறைக்காமல் எழுதினார். கரைந்ததற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார் என்பது வேறு கதை, எனக்கு அந்த விளக்கம் பிடிக்கவில்லை.

செல்வி, விழுப்புரம்:

எல்லாரும் கணக்கா எழுதுறீங்க. நான் நர்ஸ், எனக்கும் கணக்கு தெரியும், டோசேஜ் தப்பாப் போட்டா ஆள் காலி.

ஒரு நாள் நைட் டூட்டியில விடிகாலை மூணே முக்காலுக்குக் காரணமே இல்லாம அம்மா ஞாபகம். அந்த நேரத்துல யாரும் போன் பண்ண மாட்டாங்க. நான் பண்ணினேன். எடுக்கல. திரும்பப் பண்ணினேன். பக்கத்து வீட்டு அண்ணிய எழுப்பிப் போய்ப் பாக்கச் சொன்னேன். பாத்ரூம்ல வழுக்கி விழுந்து எழுந்திருக்க முடியாமக் கிடந்தாங்க. இடுப்பெலும்பு. விடியற வரைக்கும் ஈரத் தரையில கிடந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு எனக்குத் தெரியும். இதுக்கு என்ன பர்சன்டேஜ் போடுவீங்க சார்?

ஓய்வு வாத்தியார், ஈரோடு:

அம்மா நலமாக இருக்கிறார்களா? நல்லவேளை போன் செய்தீர்கள். கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். இதே மாதிரி அம்மாவுக்கு என்னவோ என்று மனம் பதறி, போன் செய்தால் அவர் நன்றாக இருந்தது எத்தனை தடவை?

செல்வி, விழுப்புரம்:

நூறு தடவை இருக்கும் சார். "ஏண்டி இந்த நேரத்துல, தூங்க விடமாட்டியா"ன்னு திட்டு வாங்கியிருக்கேன். அதனால எனக்கு என்ன நஷ்டம்? நூறு தடவை எங்கம்மாகிட்டப் பேசியிருக்கேன், அவ்வளவுதான். வீடு விக்கிறது அப்படி இல்ல, அது ஒரு தடவைதான். போன் பண்ணச் சொன்னா நான் எந்தப் பல்லி சொன்னாலும் கேப்பேன். பத்திரத்துல கையெழுத்துப் போடச் சொன்னா கேக்க மாட்டேன்.

அம்மா நல்லா இருக்காங்க. வாக்கர் வச்சு நடக்குறாங்க.

ஓய்வு வாத்தியார், ஈரோடு:

இதற்கு என்னிடம் பதில் இல்லை. முழு மதிப்பெண்.

முல்லை டீச்சர்:

தமிழ் வாத்திச்சி நான், எனக்குத் தெரிந்த இடத்திலிருந்து ஒன்று சொல்கிறேன்.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விரிச்சி என்றால் என்ன என்று ஒவ்வொரு வருடமும் விளக்க வேண்டியிருக்கும். முல்லைப்பாட்டில் வருகிறது. தலைவன் போருக்குப் போயிருக்கிறான், சொன்ன கார்காலம் வந்துவிட்டது, ஆளைக் காணோம். வயதான பெண்கள் ஊருக்கு வெளியே போய், நெல்லும் மலரும் தூவி, கைகூப்பிக் காத்து நிற்கிறார்கள். காதில் விழும் நல்ல சொல்தான் சகுனம். அங்கே தாய்ப்பசுவைக் காணாமல் ஒரு கன்று தவிக்கிறது. குளிரில் கையைத் தோளில் கட்டிக்கொண்டு நிற்கும் ஆயர்மகள் ஒருத்தி அதனிடம், "இன்னே வருகுவர் தாயர்" என்கிறாள். இதோ வந்துவிடுவார்கள் உன் அம்மாக்கள். கிழவிகள் அதைப் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறார்கள்: நல்ல சொல் கேட்டோம், உன் தலைவன் வந்துவிடுவான்.

அவள் கன்றுக்குச் சொன்னாள். இவர்கள் தலைவிக்கு எடுத்துக்கொண்டார்கள். ஈரோடு ஐயா சிவப்பு மை எடுப்பார் என்று தெரியும். ஆனால் என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்துவது அடுத்து வரும் வரி. அந்தப் பெண்கள் அத்தனை சொல்லியும் தலைவி "காட்டவும் காட்டவும் காணாள்". கண்ணீர் முத்து முத்தாக விழுகிறது. அவளுக்கு வேண்டியது சகுனம் இல்லை, அவன். சகுனம் வேண்டியிருந்தது அவளைத் தேற்ற வழி தெரியாத கிழவிகளுக்கு.

காங்கேயத்து அக்கா, நீங்கள் இதில் கிழவியா தலைவியா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவேண்டும் என்று தோன்றியது.

காங்கேயத்துக்காரி:

எல்லாருக்கும் நன்றிங்க. நாலு நாளா இதையே திரும்பத் திரும்பப் படிச்சேன். வாத்தியாரய்யா கேட்ட மூணையும் செஞ்சுட்டேன்.

முதல்ல சிலிண்டர். எஸ்எம்எஸ் எடுத்துப் பாத்தனுங்க. 3682. எட்டும் ஆறும் எடம் மாறியிருக்கு. கோயில்ல சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணச் சொல்லியிருந்தா 3862ன்னு பண்ணியிருப்பேன். பொய் சொல்லலீங்க, எனக்கு அப்படியேதான் ஞாபகம் இருந்துச்சு. இப்பவும் கண்ணை மூடினா 3862ன்னுதான் தெரியுது. டாக்சி நம்பர் மட்டும் நெசம். தனியாப் போனா ஸ்கிரீன்ஷாட் அனுப்பணும்னு மக சொல்லியிருக்கா, அவ போன்ல இருந்துச்சு. 3862.

ரெண்டாவது வண்டி. இதை எழுதவே வெக்கமா இருக்குதுங்க. பால்காரர் டெய்லி காலைல ஆறு மணிக்கு அந்த வண்டியிலதான் எங்க வாசலுக்கு வர்றாரு. தையிலருந்து ஒரு நாள் தவறாம நான் குண்டாவை எடுத்துக்கிட்டு அந்தப் பிளேட்டுக்கு முன்னால நிக்கறேன். அப்பாவோட நெசமான நம்பரே வாசல்ல வந்து நிக்குது, அதை நான் ஒரு தடவை கூட அடையாளமா எடுத்துக்கலை. எவனோ கம்ப்யூட்டர் அனுப்பின நம்பருக்குக் கை நடுங்கி நின்னிருக்கேன்.

மூணாவது கேள்விக்கு ரெண்டு நாளாச்சு. என்ன நடந்திருந்தா அப்பா விக்கச் சொல்றாருன்னு எடுத்திருப்பேன்? யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன், ஒண்ணுமே வரலைங்க. ஓடு சரிஞ்சு விழுந்திருந்தா "வீட்டைக் கவனிக்கலைன்னு அப்பா வருத்தப்படறாரு"ம்பேன். பார்ட்டி ரெண்டு லட்சம் சேத்துக் குடுத்திருந்தா "அப்பா எவ்வளவு மதிப்பா வச்சிருந்தாரு பாரு"ம்பேன். நான் ஆரம்பத்துலருந்தே விக்கறதா இல்லைங்க. அதைத் தம்பிகிட்டச் சொல்ல வாய் வரலை. அவன்தான் ஆஸ்பத்திரிச் செலவு முழுக்கப் பாத்தான், நான் எந்த மொகத்தோட வேண்டாம்னு சொல்றது? அப்பாவே வேண்டாம்னுட்டாருன்னா அவனால மறுத்துப் பேச முடியாதுல்லீங்க. அதுக்கு ஒரு சாட்சி தேடியிருக்கேன். டீச்சரம்மா, நான் கிழவிதானுங்க.

நேத்து ராத்திரி போன் பண்ணினேன். நம்பர் கதை எதுவும் சொல்லலை. "எனக்கு விக்க மனசில்லைடா, உனக்குப் பணம் வேணும்னா சொல்லு, நகையை வச்சாவது உன் பங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக் குடுக்கறேன்"னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் "இதைச் சொல்றதுக்கா அஞ்சு மாசம்? நீ பேசாமயே இருக்கவும் உனக்குத்தான் பணமுடைன்னு நெனைச்சு நான் பார்ட்டி தேடிட்டு இருந்தேன்"ங்கறான். ரெண்டு பேரும் சிரிச்சோம், கொஞ்சம் அழுதோம். வருசத் திதி வரைக்கும் அப்படியே இருக்கட்டும், ஓடு மாத்தற செலவு ஆளுக்குப் பாதின்னு பேசியிருக்கோம். பார்ட்டிகிட்ட அவனே சொல்லிக்கறானாம்.

டாக்சி நம்பரை மட்டும் நான் கழிக்க மாட்டனுங்க வாத்தியாரய்யா. ஐநூறுல ஒண்ணுன்னு சொன்னீங்கல்ல, அந்த ஒண்ணு என்கிட்டயே இருக்கட்டும். அதை வச்சு யாருகிட்டயும் எதுவும் கேக்க மாட்டேன்.

நேத்து ராத்திரி இங்க கோடை மழை பிடிச்சு ஊத்துச்சு. இன்னிக்குக் காலைல பால்காரர் வந்தப்ப பிளேட்டு பூரா சேறு, 62 மட்டும்தான் தெரியுது. குண்டாவைக் கீழ வச்சுட்டு முந்தானையால துடைச்சு விட்டேன். "என்னங்கக்கா?"ன்னாரு. ஒண்ணுமில்லீங்க, நீங்க ஊத்துங்கன்னேன்.